மழையில் பார்த்த காணி

கண்டியில் மழை பிடித்தால் ஆட்கள் எல்லாரும் கடைத் தாழ்வாரங்களில் ஒதுங்கி நிற்பார்கள். எங்கள் காரியாலயத்தில் மட்டும் ஒருவர், மழை பிடித்ததும் சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு வெளியே கிளம்புவார். ஹந்தானை மலைப் பக்கம் வானம் கறுத்தாலே போதும். மேசையில் விரித்திருந்த கோப்பை மூடிவிட்டு, அலுமாரிக்குப் பக்கத்தில் சாத்தி வைத்திருக்கும் பெரிய ஆம்பிளைக் குடையை எடுப்பார்.

"பிள்ளை, எழும்பும். காணி பாக்கப் போவம்."

பிள்ளை என்றது என்னைத்தான். அப்போது எனக்கே இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். அதை அவரிடம் சொல்லி ஒரு பிரயோசனமும் இல்லை.

அவரை நாங்கள் எல்லாரும் மிஸ் என்றே கூப்பிட்டோம். யாழ்ப்பாணத்துக்காரர். ஐம்பதைத் தாண்டிய ஒல்லி உடம்பு, சின்னத் தோடு, எந்தச் சேலைக்கும் ஒரே ரப்பர் செருப்பு. அரசாங்கம் ஒரு பாதைக்கோ பாடசாலைக்கோ ஆஸ்பத்திரிக்கோ காணி வாங்கும்போது, சொந்தக்காரர் கைக்குக் காசு போவதற்கு முன்னால் கோப்பு எங்கள் கணக்காய்வுப் பிரிவுக்கு வரும். காணி உறுதிப் பத்திரம் சரியா, கேட்கிற விலை நியாயமா, வாங்குகிற வேலைக்குக் காணி பொருந்துமா என்று பார்த்து மிஸ் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்து விழாமல் ஒரு பிடி மண்கூட அரசாங்கத்துக்குச் சொந்தமாகாது. நான் அங்கே தட்டெழுத்தாளர். மூன்று மொழியும் தெரியும் என்பதால் மொழிபெயர்ப்பும் என் தலையில். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்து கந்தோர்க் கதிரையில் உட்கார்ந்தவள் என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது. இப்போதும் இல்லை என்று சொல்ல மாட்டேன்.

மிஸ்ஸுக்கு முந்தி இருந்தவர்கள் காணி பார்க்கப் போனது மாசி, பங்குனி மாதங்களில். பாதை காய்ந்திருக்கும், அட்டை கடிக்காது, காணிக்காரர் வீட்டில் கோழிக்கறியோடு சாப்பாடு இருக்கும். பார்த்துவிட்டு வந்து ஏப்பத்தோடு கையெழுத்துப் போடுவார்கள். மிஸ் வந்த பிறகு வெயில் காலத்தில் கோப்புகள் அவருடைய மேசையில் தூங்கின. மேலிடத்திலிருந்து ஏன் தாமதம் என்று கேட்டு வந்தால், "மழை இன்னும் வரேல்லை எண்டு எழுதும்," என்பார். நான் அதைக் கொஞ்சம் மரியாதையான ஆங்கிலத்தில் அடித்து அனுப்புவேன்.

"வெயிலிலை பாத்த காணி, கலியாண வீட்டிலை பாத்த பொம்பிளை மாதிரி," என்று ஒருநாள் எனக்கு விளக்கம் சொன்னார். "ஒரு குறையும் தெரியாது. மழைக்குள்ளை போய்ப் பாக்கவேணும், அது என்ன குணம் எண்டு."

இந்தக் கொள்கையால் அதிகம் நொந்தவர், நாங்கள் நானா என்று கூப்பிட்ட எங்கள் முஸ்லிம் டிரைவர். மலைப்பாதை, சறுக்குகிற சேறு, பழைய ஜீப். "எல்லா மனுசரும் மழக்கிப் பயந்து ஊட்டுக்குள்ள ஓடுற. இந்த மிஸ் மழயக் கண்டா ஜீப்புக்குள்ள ஓடுறா. எனக்கு வந்த நசீபப் பாருங்க," என்று முணுமுணுத்துக்கொண்டே வண்டியைக் கிளப்புவார். ஆனால் மற்றப் பிரிவுக்கு மாறச் சொல்லிக் கேட்டபோது போகவில்லை. அங்கே போனால் சும்மா இருந்தே நோய் பிடித்துவிடும் என்றார்.

ஒரு தடவை நகரத்துக்கு வெளியே ஒரு வாசிகசாலைக்குக் காணி வாங்கப் பார்த்தார்கள். காணிக்காரர் எங்களுக்கு முன்னாலேயே வந்து, பலகை ஒன்றின் மேல் குடை பிடித்துக்கொண்டு நின்றார். மேட்டுக் காணி, ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்காது என்று அவர் சிங்களத்தில் சொல்லச் சொல்ல நான் மொழிபெயர்த்தேன். அவர் பேசி முடிப்பதற்குள் பலகை மெதுவாக மிதக்கத் தொடங்கிவிட்டது. மனிதன் கையை விரித்துச் சமநிலை பிடித்துக்கொண்டே மேட்டுக் காணி, மேட்டுக் காணி என்கிறார். மிஸ் சிரிக்கவில்லை. "இஞ்சை புத்தகம் வாசிக்க மீன்தான் வரும் எண்டு சொல்லும்," என்றார் என்னிடம். நான் அதை மட்டும் மொழிபெயர்க்கவில்லை.

அவர் காணி பார்க்கிற விதமே வேறு. வேலியைப் பார்க்க மாட்டார், காட்சியைப் பார்க்க மாட்டார். நேரே மண்ணை வெட்டிச் சரித்த இடத்துக்குப் போவார். குடையை என்னிடம் தந்துவிட்டு, வலது உள்ளங்கையை மண்சுவரில் அழுத்தி வைத்துக்கொண்டு நிற்பார். கண்ணை மூட மாட்டார், தலையை ஆட்ட மாட்டார். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிற தாய் எப்படி நிற்பாளோ, அப்படி. பிறகு கையை எடுத்துச் சேலைத் தலைப்பில் துடைப்பார். அவருடைய சேலைகள் எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் செம்மண் கறை இருந்தது.

காணிகளை மறுப்பதே அவருடைய வேலை என்று வெளியில் ஒரு பேச்சு இருந்தது. அது பொய். ஒரு மருந்தகம் கட்ட, ஒரு விதவைப் பெண் தன் கல்லுக் காணியைத் தர முன்வந்தார். பார்க்கச் சகிக்காத காணி. எங்கே பார்த்தாலும் பாறை. அந்தப் பெண்ணுக்குச் சொல்லிக்கொள்ள ஒரு பெரிய மனிதரும் இல்லை. கொட்டுகிற மழையில் மிஸ் அங்கே வெகுநேரம் நின்று, தண்ணீர் இரண்டு பக்கமும் பிரிந்து ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வடிவான காணி," என்றார். அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அன்றுதான். என் தட்டெழுத்தைக்கூட அவர் ஒருநாளும் வடிவு என்று சொன்னதில்லை. பிழை இருந்தால் மட்டும் பேசுவார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பார்க்கப் போன இடத்தில் அவர் தேத்தண்ணீர் குடிக்க மாட்டார். குளிரில் பல் கிட்டும். நானும் டிரைவர் நானாவும் யாராவது கூப்பிட மாட்டார்களா என்று அடுப்படிப் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்போம். மிஸ் தன் பிளாஸ்க்கைத் திறந்து ஆறிப்போன கோப்பியை மூடியில் ஊற்றித் தருவார். அவர் வீட்டுக்காரர் போட்ட கோப்பி. நாவலப்பிட்டியில் ரயில்வே கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். வீட்டில் சமையல் அவர்தான். கோப்பியில் சீனி போட மறந்துவிடுவார்.

இனி என் சொந்தக் கதை வருகிறது. அதைச் சொல்லாமல் மிஸ்ஸைப் பற்றிச் சொல்ல முடியாது.

நகரத்துக்குத் தண்ணீர் கொடுக்க மேலே ஹந்தானையில் பெரிய தண்ணீர்த் தாங்கி ஒன்று கட்டத் திட்டம் வந்தது. தாங்கிக்கும் அதற்குப் போகும் பாதைக்குமாக இரண்டு லயங்கள் இடிபட வேண்டும். அங்கே இருக்கும் குடும்பங்களுக்கு அரசாங்கம் வேறு காணி வாங்கி, தனித்தனி வீடு கட்டிக் கொடுக்கும் என்றார்கள். அந்த லயங்களில் ஒன்றில்தான் என் அம்மாவும் தம்பி குடும்பமும் இருந்தார்கள். ஒற்றை அறைதான், ஒரே காம்பரா. அம்மா பிறந்ததும் அங்கே, எங்களைப் பெற்றதும் அங்கே. தனி வீடு என்ற பேச்சு வந்ததிலிருந்து அம்மா தூக்கத்தில்கூட ஜன்னல் வைத்துக்கொண்டிருந்தார். "எனக்கு ரெண்டு ஜன்னலு வேணும் புள்ள. ஒண்ணு காத்துக்கு, ஒண்ணு சும்மா பாத்துக்கிட்டு இருக்க," என்பார்.

அதற்கு வாங்கப் பார்த்த காணி, நகரத்தில் துணிக்கடை வைத்திருந்த ஒரு தமிழ் முதலாளியுடையது. பஸ் பாதைக்குக் கிட்ட, பச்சைப் புல் விரித்த சரிவு, கீழே நகரம் முழுக்கத் தெரியும். பங்குனி மாதம் முதலாளியே வந்து மிஸ்ஸைக் கூட்டிப்போனார். நிழலில் கதிரை போட்டு, செவ்விளநீர் வெட்டி வைத்திருந்தார். மிஸ் இளநீரைத் தொடவில்லை. சரிவை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்தார்.

"பாத்தாச்சு. மழைக்கு வாறன்," என்றார்.

முதலாளி சிரித்தார். "மழைக்கு எதுக்கும்மா கஷ்டம்? இப்பத்தான் கண் குளிரப் பாத்துட்டீங்களே."

"கண்ணுக்குக் குளிர்ந்தது போதும். கையாலையும் ஒருக்கால் பாக்கவேணும்," என்றார் மிஸ்.

மழை வந்தது. அதோடு தமிழருக்கு எதிரான எண்பத்து மூன்று ஆடிக் கலவரமும் வந்தது. அந்த நாட்களைப் பற்றி நான் இங்கே அதிகம் எழுதப் போவதில்லை. நானும் பிள்ளைகளும் கட்டுகஸ்தோட்டையில் பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மாவின் குசினியில் விறகுக்குப் பின்னால் இருந்தோம். நகரத்தில் புகை எழும்பியதை அங்கிருந்தே கண்டோம். மிஸ் இருந்த வாடகை வீட்டை எரித்துவிட்டார்கள். அவரும் வீட்டுக்காரரும் உடுத்த உடுப்போடு ஒரு பாடசாலை முகாமுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். முதலாளியின் துணிக்கடையும் எரிந்தது. அவரும் மனைவி மக்களோடு அதே முகாமில், அதே வகுப்பறையில் இருந்தார்.

காரியாலயம் மறுபடி திறந்தபோது மிஸ்ஸின் கதிரை காலியாக இருந்தது. எங்கள் பிரிவுத் தலைவர் நல்ல மனிதர். அதையும் சொல்ல வேண்டும். துணிக்கடைக்காரரின் கோப்பைக் கையில் எடுத்து, "பாவம், இந்த மனிதனுக்கு மிஞ்சியது இந்தக் காணி மட்டும்தான். லயத்துச் சனங்களும் காத்திருக்கிறார்கள். மிஸ் இனி வருவாரோ தெரியாது. நானே முடித்துவிடுகிறேன்," என்றார். எனக்கு நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அன்றைக்கு எல்லாருடைய இரக்கமும் ஒரே பக்கத்தில் இருந்தது.

இரண்டு சேலையும் பாணும் எடுத்துக்கொண்டு முகாமுக்குப் போனேன். டிரைவர் நானாதான் கொண்டுபோய் விட்டார். மிஸ் வகுப்பறை மர வாங்கு ஒன்றில் உட்கார்ந்து, முதலாளியின் கடைசிப் பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். தன் பங்குச் சோற்றுப் பார்சலில் பாதியைப் பிரித்து அந்தப் பிள்ளைகளுக்குக் கொடுத்திருந்தார். மிஸ்ஸுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்து நான் தலைவர் சொன்னதைச் சொன்னேன். நீங்கள் அந்தக் கோப்பைப் பற்றி யோசிக்க வேண்டாம், வேறு கையெழுத்து விழப் போகிறது என்றேன்.

அவர் ஊட்டுகிற கையை நிறுத்தினார். கூரைத் தகரத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"மேலை ஹந்தானையிலும் மழையோ?"

"ஓம் மிஸ். ஒரு கிழமையா விடாமப் பெய்யுது."

"ஜீப் நிக்குதோ?"

அவருடைய வீட்டுக்காரர் மூலையில் சாரத்தோடு குந்தியிருந்தார். என்னைப் பார்த்துச் சொன்னார்: "வீடு எரிஞ்சுது, குடை எரிஞ்சுது, என்ரை நல்ல சேர்ட் எல்லாம் எரிஞ்சுது. இவவின்ரை பிடிவாதம் மட்டும் நெருப்புப் பிடிக்கேல்லை."

முதலாளி எழுந்து வந்தார். அவருடைய வேட்டி கரி பிடித்திருந்தது. கதிரை போட்டு இளநீர் வெட்டிய மனிதனா இது என்று இருந்தது. "அம்மா, ஒங்களுக்கும் எல்லாம் போச்சு, எனக்கும் போச்சு. ஒங்களுக்கு என் நெலம தெரியும். புள்ளைகளப் பாருங்க," என்று கும்பிட்டார்.

மிஸ் அவருடைய கையைப் பிடித்து இறக்கிவிட்டார். "சோறு பங்கு போடலாம் முதலாளி. கையெழுத்துப் பங்கு போடேலாது. காணி நல்லதெண்டால் நானே இண்டைக்குக் கையெழுத்து வைக்கிறன்," என்றார்.

அரசாங்க ஜீப்பில் முகாம்வாசியை ஏற்றலாமா என்று எனக்குத் தெரியவில்லை. டிரைவர் நானா கதவைத் திறந்துவிட்டார். "இவ இன்னும் எங்கட மிஸ்தானே," என்றார். போகிற வழியில் மிஸ் தன் வீட்டடியில் நிறுத்தச் சொன்னார். கூரை இல்லை, கதவு இல்லை. நான்கு சுவரும் கறுத்து நின்றன. உள்ளே போகவில்லை. வாசல் பக்கத்துச் சுவரில் உள்ளங்கையை வைத்து, எந்தக் காணியிலும் நிற்பதைப் போலவே நின்றார். எனக்கு அழுகை வந்தது. மறைக்கவில்லை, அழுதேன்.

"சுவர் நிக்குது," என்றார். "நல்லாக் கட்டின சுவர்."

ஜீப்பில் ஏறி, ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி மழையில் கரியைக் கழுவினார். முழுதாகப் போகவில்லை.

ஜீப் சத்தம் கேட்டு லயத்துச் சனங்கள் சரிவுக்கு இறங்கி வந்துவிட்டார்கள். தலையில் சாக்கைக் கொங்காணி போட்டுக்கொண்டு, முன்னால் என் அம்மா. மிஸ் என் சேலையைக் கட்டியிருந்தார். அது அவருக்கு உயரம் போதாமல் கெண்டைக்காலில் நின்றது. குடையும் இல்லை. நனைந்துகொண்டே சரிவில் ஏறினார். பங்குனியில் வழவழவென்று இருந்த புல்லைப் பல இடத்தில் கிழித்துக்கொண்டு முள்ளுத் தண்டுகள் மேலே வந்திருந்தன. மிஸ் குனிந்து ஒன்றைப் பிடித்துப் பார்த்தார். கொகில. சந்தையில் கறிக்கென்று கட்டுக் கட்டாக விற்கிற கொகிலதான். அது சதுப்பில்தான் வளரும் என்று எங்கள் பக்கத்தில் தெரியாதவர் இல்லை.

"வெட்டிப்போட்டு மேலை புல்லுப் பதிச்சிருக்கினம். கிழங்கு உள்ளுக்கை கிடக்கு," என்றார்.

பிறகு பாதைக்காக மண் வெட்டிய இடத்துக்குப் போனார். கரி போகாத அதே கையை அதில் வைத்தார். அப்போதுதான் அம்மா கிட்டே வந்தார்.

"அம்மா, ஒங்களுக்கு வீடு போச்சுன்னு கேட்டேன். மனசு ஆறலீங்க. எங்களுக்கு வீடு இன்னும் வரவே இல்லீங்களே. ஒரு கையெழுத்துதானுங்களே. போட்டுருங்க."

மிஸ் அம்மாவின் கையைப் பிடித்து, தன் கை இருந்த இடத்தில் வைத்தார். நானும் பக்கத்தில் வைத்தேன். வெளியே மழையில் நனைந்த மண் குளிர்ந்துதான் இருக்கும். இது வேறு. விரலுக்குப் பின்னால் மண் பிசைந்த மாவைப் போல அசைந்தது. உள்ளேயிருந்து தண்ணீர் உந்திக்கொண்டு வந்தது.

அம்மா கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "மழத் தண்ணி," என்றார்.

"மழை மேலாலை வரும் அம்மா. இது உள்ளுக்காலை வருது."

"மழத் தண்ணிதான்!" என்று அம்மா கத்தினார். ஆயுள் முழுக்க மலையில் கொழுந்து பறித்தவர். அவருக்குத் தெரியாதா? தெரிந்துதான் கத்தினார்.

காணி பொருந்தாது என்ற அறிக்கையை மிஸ் முகாமின் வாங்கில் உட்கார்ந்து எழுதினார். நான் அதைக் காரியாலயத்தில் தட்டெழுத்தில் அடித்தேன். எழுத்துக்களைக் குத்தினேன் என்று சொல்வதுதான் சரி. கையெழுத்துக்காக அதைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது பொறுக்க முடியவில்லை.

"என் அம்மா அந்த வீட்டுக்குக் காத்திருக்கிறா மிஸ். உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் பிள்ளை. அதுக்குத்தான் ஆரையும் விடாமல் நானே போனனான்," என்றார். பிறகு தாளைத் திருப்பி, இரண்டாம் வரியில் ஒரு எழுத்துப் பிழையைக் காட்டினார்.

அந்த அறிக்கைக்குப் பிறகு அவரை ஒருவருக்கும் பிடிக்கவில்லை. முதலாளி முகாமில் அவரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனாலும் சோற்றுப் பார்சல் வந்த நேரமெல்லாம் மிஸ் பாதியைப் பிரித்து அந்தப் பிள்ளைகளுக்கு அனுப்பினார். பிள்ளைகள் வாங்கிச் சாப்பிட்டார்கள். தலைவர், இரக்கமில்லாத பெண் என்றார். லயத்தில் என் அம்மா வாய் ஓயவில்லை. "யாழ்ப்பாணத்து அம்மாவுக்கு எங்க மேல என்னா அக்கற? அவுங்க ஊருக்குப் போனா அவுங்களுக்கு வீடு இருக்கு. நாங்க எங்க போறது?" அதில் நியாயம் இல்லை என்று நானும் சொல்லவில்லை.

முகாமில் இருந்தவர்களை வடக்கே அனுப்பத் தொடங்கியபோது, மிஸ் போகமாட்டார் என்பதை அவருடைய வீட்டுக்காரர்தான் எனக்குச் சொன்னார். "நான் மூட்டை கட்டினனான். இவ அவிழ்த்துப்போட்டா. ஹந்தானை ஆக்களுக்கு ஒரு காணி பாத்துக் குடுக்காமல் வரமாட்டாவாம். அவையள் இவவை ஏசுகினம், இவ அவையளுக்குக் காணி தேடுறா. இதுக்குள்ளை நான் கோப்பிக்குச் சீனி தேடுறன்."

ஒரு சின்ன அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, மறுபடி கதிரையில் வந்து உட்கார்ந்தார். காணி தேடுவது எங்கள் பிரிவின் வேலை அல்ல. ஆனால் வந்த கோப்புகளில் நல்லதாகப் பட்டதைத் தானே முன்தள்ளினார். புதுக் குடை வாங்கினார். எத்தனை சரிவு, எத்தனை மழை! எனக்கு இருமல் பிடித்ததும், டிரைவர் நானா ஜீப்பை ஒரு வயலுக்குள் இறக்கியதும் அந்தக் காலத்தில்தான். கடைசியில் ஹந்தானைக்கு மறுபக்கத்தில், பஸ் பாதைக்கு வெகு தூரத்தில், பாறை அடித்தளம் கொண்ட ஒரு மேட்டுக் காணி கிடைத்தது. மிஸ் பெருமழையில் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். வீடுகள் எழும்பின. அம்மாவுக்கு இரண்டு ஜன்னல் கிடைத்தது.

நன்றி சொல்வார் என்று நினைத்தீர்களா? என் அம்மாவை உங்களுக்குத் தெரியாது. "கடை இல்ல, பஸ் இல்ல, தீப்பெட்டி வாங்க அரை நாளு நடக்கணும். அந்தப் பழைய காணின்னா குட்ஷெட்டு பஸ் ஸ்டாண்டுல எறங்குனா வீடு," என்று நான் போகும் ஒவ்வொரு தடவையும் புலம்புவார். மிஸ்ஸின் பேச்சை எடுத்தால் அடுப்படிக்குள் போய்விடுவார். அந்தப் பழைய சரிவு பிறகு இடிந்து விழுந்ததா என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். அது விழுமா விழாதா என்று எங்கள் உயிரை வைத்துப் பார்க்க வேண்டாமல் செய்ததுதான் மிஸ் செய்த வேலை. இப்போது அது முழுக்கக் கொகிலக் காடு. சுற்று வட்டாரத்துப் பெண்கள் பறித்துச் சந்தைக்குக் கொண்டுபோகிறார்கள்.

மிஸ் ஓய்வு பெற்று யாழ்ப்பாணம் போவதற்கு முன்னால் ஒருநாள், மழை இருட்டிக்கொண்டு வந்தது. வழக்கம்போல் எழுந்தார். "பிள்ளை, கோப்பு ஒண்டும் இல்லை. உங்கடை அம்மாவின்ரை வீட்டை ஒருக்கால் பாக்கவேணும்," என்றார். அம்மா வாசலில் வைத்து என்ன சொல்வாரோ.

அம்மா எங்களைக் கண்டதும் உள்ளே போய் அடுப்பின் முன்னால் குந்தி, எரிகிற அடுப்பை ஊதத் தொடங்கினார்.

"உள்ளை வரலாமோ?" என்று மிஸ் கேட்டார். அம்மா ஊதிக்கொண்டே இருந்தார். மிஸ் செருப்பைக் கழற்றிவிட்டுப் போனார். ஜன்னலைப் பார்க்கவில்லை, கூரையைப் பார்க்கவில்லை. நேரே குசினியின் பின்சுவருக்கு, மலைப் பக்கமாக இருக்கும் சுவருக்குப் போய், உள்ளங்கையை வைத்தார். வெளியே மழை அடித்து ஊற்றியது. அவர் கையை எடுக்காமலே நின்றார்.

"காஞ்சிருக்கு," என்றார்.

அம்மா ஊதுவதை நிறுத்தினார். திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "வந்த நாள்லேருந்து காஞ்சுதாங்க இருக்கு. ஒவ்வொரு மழைக்கும் நானும் தொட்டுத்தான் பாக்குறேன்."

நான் அறியாத செய்தி அது. எத்தனை தடவை அந்த வீட்டுக்குப் போயிருக்கிறேன்! எனக்கு முன்னால் புலம்பியவர், நான் போன பிறகு மழையில் தனியாக அந்தச் சுவரைத் தொட்டுக்கொண்டு நின்றிருக்கிறார்.

அம்மா எழுந்து கோப்பையைக் கழுவித் தேத்தண்ணீர் ஊற்றினார். நான் பதறிப்போனேன். மிஸ் போன இடத்தில் குடிக்க மாட்டார், அம்மா அதை அவமரியாதையாக எடுத்துக்கொள்வார். மிஸ் கோப்பையை இரண்டு கையாலும் வாங்கினார்.

"இண்டைக்கு நான் உத்தியோகத்திலை வரேல்லை," என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கடைசிச் சொட்டு வரை குடித்தார். அம்மா அதில் சீனியை அள்ளிப் போட்டிருந்தார்.

அவர் போன பிறகு வடக்கில் சண்டை இன்னும் மோசமானது. முதலில் அவரிடமிருந்து தகவல் வந்தது, பிறகு பாதையை மூடிவிட்டார்கள், ஒன்றும் வரவில்லை. தெரிந்தவர்கள் மூலமாக விசாரித்தும் பார்த்தேன். அவர் இருந்த பக்கத்துச் சனங்கள் எல்லாம் இடம்பெயர்ந்துவிட்டார்கள் என்ற வரைக்கும்தான் தெரிய வந்தது.

ஒருநாள் பின்னேரம் நான் அம்மா வீட்டில் இருந்தேன். ரேடியோவில் யாழ்ப்பாணச் செய்தி சொன்னார்கள். எங்கெங்கே குண்டு விழுந்தது, எத்தனை வீடு உடைந்தது என்று சொல்லிக்கொண்டே போனார்கள். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். சுளகைக் கீழே வைத்தார்.

"புள்ள, அந்தம்மா வீட்டுச் செவுரு நிக்குதா?"

"தெரியலம்மா," என்றேன்.

வெளியே தூறல் விழுந்து, பிறகு பலமாகப் பிடித்தது. அம்மா முழங்காலில் கையை ஊன்றி எழுந்து குசினிக்குள் போனார். எப்போதும் தொட்டுப் பார்த்துவிட்டு உடனே வந்துவிடுகிறவர், அன்றைக்கு மழை விடும்வரை அந்தச் சுவரில் கையை வைத்துக்கொண்டே நின்றார்.